இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள்

கணவரின் தங்கை மகள் வயதுக்கு வந்து, அவளுக்குச் சாமத்தியவீடு. கிளிநொச்சி நகரத்து மண்டபம் ஒன்றில் வைத்திருந்தார்கள். பிள்ளைக்குச் சட்டை தைத்ததும் நான், சேலை உடுத்திவிட்டதும் நான். ஆரத்தி எடுக்கப் பெண்கள் வரிசையாக நின்றோம். என் முறை வரப்போகிற நேரம், தட்டோடு நின்ற எனக்கு நெஞ்சு ஒரு தடவை தப்பி அடித்தது. பிறகு நிறுத்தாமல் ஓடத் தொடங்கியது. விரல் நுனிகள் விறைத்தன. வாயைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தது. வீடியோக்காரரின் வெளிச்சம் வெள்ளைச் சுவராக மாறிக் கிட்டக் கிட்ட வந்தது. மூச்சு உள்ளே போனது, ஆனால் போதவில்லை. தட்டை யார் வாங்கினார்கள் என்று தெரியாது. மண்டபத் தரையில் கிடந்தபடி, "இஞ்சருங்கோ, நான் சாகப்போறன், எங்கட பிள்ளையைப் பாருங்கோ" என்று கணவரிடம் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. வட்டக்கச்சியில் வீடு. கணவர் சிவநேசன் வாய்க்கால் தண்ணீரில் நெல் செய்கிறவர். நான் வீட்டிலிருந்து சட்டை தைக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், அபி. அன்றுவரை பிள்ளைப்பேற்றுக்குத் தவிர வேறு எதற்கும் நான் வைத்தியசாலைக் கட்டிலில் படுத்ததில்லை. அன்றிலிருந்து ஒன்றரை வருடம் அதுவே என் உலகமாகப் போனது. இப்போது சுகம். என்னைப்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடித் திரிகிற பலரை அங்கே கண்டேன். அவர்களில் யாராவது வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்புலன்ஸில் கொண்டுபோய் அவசர சிகிச்சைப் பிரிவில் கிடத்தினார்கள். பட்டுச்சேலையோடு, தலையில் மல்லிகைப் பூவோடு நான் கிடக்க, ஒரு நேர்ஸ் நெஞ்சில் களி பூசி வயர்களை ஒட்டினார்.

"அசையாமக் கிடவுங்கோ அக்கா. இது ஈ.சி.ஜி., நோகாது."

இதயம் அடிக்கும்போது உண்டாகும் மின்சாரத்தைக் கடதாசியில் கோடாக வரைகிற கருவி அது. கோடு ஒழுங்காக இருந்தது, வேகம்தான் கூட. ஆனாலும் வீட்டுக்கு விடாமல் மறித்து வைத்தார்கள். மாரடைப்பு வந்தால் இதயத் தசை பழுதுபட்டு அதிலிருந்து ஒரு புரதம் இரத்தத்தில் கசியுமாம். அது கசிந்திருக்கிறதா என்று பார்க்க இரத்தம் எடுத்தார்கள், சில மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் எடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை.

பெண்கள் வாட்டில் என் பக்கத்துக் கட்டிலில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த மெற்றில்டா அக்கா இருந்தா. சின்ன வயதில் வந்த காய்ச்சலொன்றில் அவாவின் இதய வால்வு பழுதாகிவிட்டது. சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கும்வரை கால் வீங்கும்போதெல்லாம் வந்து படுப்பா. புருசன் களப்பில் பிடித்த மீனைப் பொரித்துக் கொண்டுவருவார். மத்தியானம் அதைச் சாப்பிட்டுவிட்டு, கழுத்துச் செபமாலையை ஒருபக்கம் தள்ளிவிட்டு, குறட்டை விட்டு நித்திரை கொள்வா. நான் கையால் கழுத்து நாடியைப் பிடித்தபடி விழித்துக் கிடப்பேன்.

"பிள்ளை, என்ர நெஞ்சிலதான் பழுது. நான் படுக்கிறன். உனக்கு ஒண்டுமில்லை எண்டு கடதாசி சொல்லுது. நீ என்னத்துக்கு முழிச்சுக் கிடக்கிறாய்?"

எனக்குக் கோபம் வந்தது. அவாவுக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்றாவது தெரியும், எனக்கு அதுகூடத் தெரியாதே என்று நினைத்தேன். அவாவுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை நடந்து, இப்போது நன்றாக இருக்கிறா.

பார்வையாளர் நேரம் தவிர ஆண்களை வாட்டுக்குள் விடமாட்டார்கள். கணவர் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றி, யாராவது உள்ளே போகிற பெண்ணிடம் கொடுத்துவிடுவார். அதை வாங்கும்போது யன்னலால் எட்டிப் பார்ப்பேன். கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார். நெல் கதிர் தள்ளுகிற காலம் அது. வயலை விட்டுவிட்டு அந்த வாங்கிலேயே கிடந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு, சுவிஸில் இருக்கும் அண்ணா பிறசர் பார்க்கிற மெஷின் ஒன்றை அனுப்பினார். கையில் பட்டியைக் கட்டி ஒரு பொத்தானை அமத்தினால் இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் இலக்கத்தில் வரும். "பயமா இருந்தா உடனே பார், நிம்மதியா இருக்கும்" என்றார் தொலைபேசியில். அன்பாக அனுப்பியது.

அவர் சொன்னபடி முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. காலையில் எழும்பினதும் கட்டினேன். பிறகு சாப்பிட முன்னும் பின்னும் கட்டினேன். ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துவிட்டு மற்றக் கை தைக்க முதல் கட்டினேன். இலக்கம் கொஞ்சம் கூடினால் திரும்பக் கட்டினேன். பயத்தோடு கட்டினால் இன்னும் கூடியது. கூடினால் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்கு ஓடினேன். அங்கே ஈ.சி.ஜி., இரத்தம், பிறகு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாசலில் நிற்கிற காவலாளிக்கே என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாக என் உலகம் சுருங்கியது. வைத்தியசாலைக்குத் தூரமான இடத்துக்குப் போவதில்லை. சனம் கூடுகிற இடத்துக்குப் போவதில்லை. பூநகரியில் அம்மா வீடு. அங்கே போகிற வழியில் வைத்தியசாலை இல்லாத நீண்ட றோட்டு இருக்கிறது என்பதற்காகத் தைப்பொங்கலுக்கும் போகவில்லை.

கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். இதயத்தைத் திரையில் காட்டுகிற எக்கோ ஸ்கான் எடுத்தார்கள். ஓடுகிற பட்டியில் நடக்கவிட்டு, வேகத்தைக் கூட்டிக் கூட்டி, இதயம் தாங்குகிறதா என்று பார்த்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதிலேயே விழுந்து சாகப்போகிறேன் என்று நினைத்தபடி நடந்து முடித்தேன். இதய வைத்திய நிபுணர் எல்லாக் கடதாசியையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அம்மா, உங்கட இதயம் என்ர இதயத்தை விட நல்லா இருக்கு. இனி இஞ்ச வரத் தேவையில்லை. கிளிநொச்சியில மனநலக் கிளினிக்குக்கு ஒரு துண்டு தாறன், அங்க போய்க் காட்டுங்கோ."

ஆறுதல்பட வேண்டிய இடம் அது. எனக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. "நான் நடிக்கிறன் எண்டோ சொல்லுறியள்?" என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது கணவர் மெல்லச் சொன்னார்: "சண்டைக்க பட்ட பாடு எல்லாம் இப்பதான் வெளிக்கிடுதாக்கும்."

அதுதான் எனக்கு விளங்கவில்லை. கடைசிச் சண்டையில் பதுங்கு குழிக்குள் கைக்குழந்தைகளுக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தவள் நான். ஷெல் விழுந்து மண் தலையில் கொட்டியபோதும் என் கை நடுங்கவில்லை. அப்படிப்பட்ட நான், பிரியாணி மணக்கிற மண்டபத்தில், பூ வைத்த தலையோடு விழுந்து கிடந்தேன். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் என்று தோன்றியது.

மனநலக் கிளினிக் வாசலில் தெரிந்தவர்கள் காணாமலிருக்க முந்தானையால் தலையை மூடிக்கொண்டு போனேன். உள்ளே இருந்த டொக்டர் என்னைவிட இளையவர், கர்ப்பிணி. நான் கொண்டுபோன கடதாசிக் கட்டைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "முதல்ல ஒண்டு சொல்லுறன் அக்கா" என்றார். "உங்களுக்கு வாறது பொய்யில்லை. நெஞ்சு உண்மையாத்தான் அடிக்குது. விரல் உண்மையாத்தான் விறைக்குது. ஆனா அது நெஞ்சில தொடங்கேல்லை, மூளையில தொடங்குது. இதுக்குப் பதகளிப்புத் தாக்கம் எண்டு பேர், இங்கிலீசில பானிக் அட்டாக்."

மூளையின் உட்பக்கம் பாதாம் பருப்பளவில் ஒரு பகுதி இருக்கிறதாம், அமிக்டலா என்று பெயர். ஆபத்து என்று நினைத்தவுடனே மணி அடிப்பது அதன் வேலை. யோசிக்கிற மூளை விசாரித்து முடிக்கும்வரை அது பொறுத்திருக்காது. மணி அடித்ததும் அட்ரினலின் என்ற சுரப்பு உடம்பெங்கும் பாயும். ஓடவோ சண்டை பிடிக்கவோ ஆயத்தமாக இதயம் வேகமெடுக்கும், மூச்சு கூடும். ஓடாமல் நின்ற இடத்தில் நின்று அப்படி மூச்சு விட்டால் இரத்தத்தில் இருக்க வேண்டிய காபனீரொட்சைட்டு, அதாவது கரியமில வாயு, குறைந்துவிடும். விரல் விறைப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான்.

"அண்டைக்கு மண்டபத்தில என்ன ஆபத்து டொக்டர்?"

"முதல் தரம் ஏன் வந்ததெண்டு என்னால வடிவாச் சொல்லேலாது. நித்திரை முழிச்சுத் தைச்சிருப்பியள். சாப்பிட்டிருக்க மாட்டியள். சண்டைக்காலமும் ஒரு காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா இரண்டாம் தரம் ஏன் வந்ததெண்டு சொல்லுவன். எப்ப வரும், எப்ப வரும் எண்டு நீங்கள் காவல் இருந்தபடியால் வந்தது."

பிறகு மெஷினைப் பற்றிக் கேட்டார். இலக்கம் நன்றாக இருந்தால் எப்படி இருக்கும் என்றார். நிம்மதி என்றேன். "எவ்வளவு நேரத்துக்கு?" என்றார்.

யோசித்தேன். "தேத்தண்ணி ஆறுமட்டும்."

"பேந்து?"

"பேந்து திரும்பக் கட்டுவன்."

"சிகரெட் பத்துற ஆளும் இதைத்தான் சொல்லுவார் அக்கா. பதற்றம் வருது, ஒண்டைச் செய்யிறியள், கொஞ்சம் ஆறுதல் கிடைக்குது. ஆறுதல் தந்த வேலையை மூளை மறக்காது. அடுத்த முறை பதற்றம் வந்தா அதைத்தான் கேக்கும். இப்ப உங்கட மூளை என்ன படிச்சு வைச்சிருக்குத் தெரியுமோ? மெஷின் கட்டினபடியால்தான் உயிரோட இருக்கிறன் எண்டு படிச்சு வைச்சிருக்கு."

சின்ன அளவில் ஒரு குளிசை எழுதினார். பதற்றம் வரும்போது அதை விரட்டாமல், உடம்பில் எங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தபடி இருக்கச் சொன்னார். மைண்ட்ஃபுல்னஸ் என்று அதற்குப் பெயர், நாங்கள் பார்த்திருத்தல் என்று சொல்லலாம் என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. வீடு பற்றி எரியும்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்கிறாரே என்று கணவரிடம் திட்டினேன். குளிசையை மட்டும் போட்டேன். அடுத்த கிளினிக்குக்குப் போகவில்லை.

ஒரு பின்னேரம் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துவிட்டு வந்தேன். அறைக்குள்ளிருந்து மெஷினின் கீச்சுச் சத்தம் கேட்டது. கணவர் வயலில். திரைச்சீலையை விலக்கினேன். அபி பாடசாலை வெள்ளைச் சட்டையோடு கட்டில் விளிம்பில் இருந்தாள். அவளுடைய மெல்லிய கையில் பட்டி சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் பயந்துவிட்டாள்.

"ஏன் பிள்ளை கட்டினனி?"

"நாளைக்குக் கணக்குச் சோதினை. நெஞ்சு அடிக்குது. உங்கட வருத்தம் எனக்கும் வந்திட்டுதோ எண்டு பாத்தனான்."

"இண்டைக்குத்தானோ பாத்தனி?"

அவள் குனிந்து பட்டியைக் கழற்றினாள். பிறகு சொன்னாள்: "இல்லை. கனநாளாப் பாக்கிறனான். நீங்கள் குசினியில நிக்கேக்க."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். மண்டபத்தில் விழுந்தபோது வராத திகில் அப்போது வந்தது. பட்டியின் தடம் அவள் கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே இருந்தேன். பிள்ளைக்கு நெஞ்சு அடித்தால் தண்ணீர் குடி, படி, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லத் தெரிந்த தாயாகத்தான் நான் முன்பு இருந்தேன். இப்போது அவள் என்னிடம் கற்றது இதைத்தான்.

அதற்குப் பிறகு வந்த கிளினிக் நாளில் முந்தானையால் தலையை மூடவில்லை. மெஷினையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டொக்டரின் அறையிலேயே அது வந்துவிட்டது. நெஞ்சு தப்பி அடித்தது. விரல் விறைக்கத் தொடங்கியது. என் கை தானாகப் பைக்குள் போனது.

"டொக்டர், வருது. கட்டட்டோ?"

"வேண்டாம். நான் பக்கத்திலதான் இருக்கிறன். எங்க இருக்கு சொல்லுங்கோ."

"நெஞ்சில."

"நெஞ்சில எவடத்தில?"

"நடுவில. இல்லை, இடப்பக்கம். இறுக்கிப் பிடிச்ச மாதிரி."

"சூடோ, குளிரோ?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பார்த்தேன். "சூடு. தொண்டைக்கு ஏறுது."

"ஏறட்டும். எவ்வளவு தூரம் ஏறுதெண்டு பாருங்கோ. மூச்சை மாத்த வேண்டாம். காலுக்குக் கீழ நிலம் இருக்கோ?"

"இருக்கு. குளிரா இருக்கு."

சூடு தொண்டைவரை ஏறியது. காதுக்குள் இரைந்தது. இதோ சாகிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அதையும் சொன்னேன். "அது ஒரு நினைப்பு. அது வந்திருக்கெண்டு பாத்திட்டு விடுங்கோ" என்றார். பிறகு என்ன நடந்ததென்றால், ஒன்றும் நடக்கவில்லை. ஏறின சூடு அங்கேயே நின்றது. கொஞ்சம் தணிந்தது. திரும்ப ஏறப் பார்த்தது, முந்தின அளவுக்கு வரவில்லை. விரலில் விறைப்பு மெல்ல மெல்லக் கழன்றது. மின்விசிறிச் சத்தம் திரும்பக் கேட்டது. மெஷின் பையிலேயே கிடந்தது. குளிசை போடவில்லை, ஓட்டோ பிடிக்கவில்லை. அதுவாக வந்தது, அதுவாகவே போய்விட்டது.

"இவ்வளவுதானோ?" என்று கேட்டேன்.

"இவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அது இப்பிடித்தான் போயிருக்கும். போறதை இருந்து பாக்க உங்களுக்கு ஒருக்காலும் நேரம் கிடைக்கேல்லை."

இதோடு சுகமாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து மெஷினை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அடுத்த நாளே திறந்து கட்டினேன். அதைக் கேட்டு டொக்டர் கோபிக்கவில்லை. கட்டுவதென்றால் கட்டுங்கள், ஆனால் கட்டின பிறகு உண்மையில் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள் என்றார். கவனித்தேன். பட்டி இறுகும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இலக்கம் வரும்வரை மூச்சை அடக்கி வைத்திருந்தேன். வந்த நிம்மதி ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இருக்கவில்லை. இதற்காகவா இத்தனை நாள் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு பழக்கத்தால் பெரிதாகப் பயனில்லை என்று மூளை திரும்பத் திரும்பக் கண்டுகொண்டால் அதன் பிடி தானாகத் தளரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். என் விடயத்தில் அது மெதுவாகத்தான் நடந்தது. வாரக்கணக்கில் கட்டாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் பல தடவை கட்டிய நாட்களும் உண்டு.

அபியும் நானும் இதைச் சேர்ந்து செய்தோம். சோதனைக்கு முதல் நாள் வந்து பக்கத்தில் இருப்பாள். "அம்மா, வயித்துக்க வண்ணாத்திப்பூச்சி." "என்ன நிறம்?" என்பேன். சிரித்துவிடுவாள். கணவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் போலும். என் வருத்தத்தோடு அவருக்கும் சிகரெட் கூடியிருந்தது. ஒருநாள் மாமரத்தின் கீழ் நின்று ஒன்றைப் பற்றவைத்து, கண்ணை மூடி ஆறுதலாக இழுத்தார். பாதியில் எறிந்துவிட்டு வந்து சொன்னார்:

"இஞ்சேரும், இது இவ்வளவு நாத்தமெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியுது."

இன்றுவரை முழுதாக விடவில்லை. குறைந்திருக்கிறது. என் குளிசையை டொக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அம்மா வீட்டுக்கு அந்த நீண்ட றோட்டால் பஸ்ஸில் போனேன். பாதி வழியில் நெஞ்சு அடித்தது. யன்னலுக்கு வெளியே உப்புக்காற்று, வெட்டைவெளி. அதையும் பார்த்தேன், நெஞ்சையும் பார்த்தேன். போய்ச் சேர்ந்தோம்.

போன அறுவடைக்கு முதல், ஒரு காலை நேரம். கணவர் வாய்க்கால் கட்டைத் துப்புரவாக்கப் போனவர் நொண்டிக்கொண்டு வாசல் படலையால் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "புடையன் பாம்பு கொத்திப்போட்டுது" என்றார். கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி, கீழே இரத்தம் நிற்காமல் வழிந்தது. காலை ஆட்ட வேண்டாம் என்று மறித்து, கதிரையில் இருத்தி, பக்கத்து வீட்டு ஓட்டோவைக் கூப்பிட்டேன். போகிற வழி முழுக்க என் நெஞ்சு விலா எலும்பில் இடித்தது. மடியில் அவருடைய காலை நீட்டிப் பிடித்திருந்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் அவருடைய இரத்தத்தைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேசையில் நிறுத்தினார்கள். நல்ல இரத்தம் என்றால் கொஞ்ச நேரத்தில் உறைந்து கட்டியாகும். விடம் ஏறியிருந்தால் உறையாது. நேரம் முடிந்ததும் நேர்ஸ் குழாயைச் சரித்தார். தண்ணீர் போல ஓடியது. அதைக் கண்டதும் கண் இருண்டது. சுவரைப் பிடித்தேன். காலின் கீழ் நிலம் இருந்தது. விடமுறிவு மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஒவ்வாமை வந்தால் உடனே சொல்ல வேண்டும், பக்கத்தில் நில்லுங்கள் என்றார்கள். நின்றேன்.

கணவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "உமக்கு ஒண்டும் செய்யேல்லையே?"

"நெஞ்சு அடிக்குது."

"நேர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிடட்டோ?"

"வேண்டாம். அடிக்கட்டும். இண்டைக்கு அதுக்கு வேலை இருக்கு. நீங்கள் காலை ஆட்டாதேங்கோ."

அவருக்கு நடுக்கம் வந்தது, சொன்னேன், ஓடிவந்து ஊசி போட்டார்கள். உடம்பு தடித்தது, அதையும் நான்தான் முதலில் கண்டு சொன்னேன். பின்னேரம் திரும்ப இரத்தம் எடுத்து அதே மாதிரிக் குழாயில் விட்டார்கள். நானும் அவரும் அந்தக் குழாயையே பார்த்தபடி இருந்தோம். நேர்ஸ் வந்து அதை எடுத்து முழுதாகக் கவிழ்த்துப் பிடித்தார். உள்ளே இரத்தம் கட்டியாகி, விழாமல் அடியிலேயே ஒட்டி நின்றது.

"பாருங்கோ அக்கா, உறைஞ்சிட்டுது" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.